சிறிய எஞ்சின், திறந்த கூரை

மட்டக்களப்பிலிருந்து ஒரு மாணவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தாய்மாமன் இத்தாலியில் தொழில் புரிபவராம். அண்மையில் அவர் அனுப்பிய படமொன்றிலே, கூரை மடிக்கப்பட்ட சின்னஞ்சிறு மோட்டார் வண்டி ஒன்றும், அதனுள் நெருங்கி அமர்ந்து சிரிக்கும் நால்வரும் காணப்படுகின்றனர். "இதன் எஞ்சின் இரண்டே சிலிண்டர்களை உடையது, ஒரு லீற்றர்கூட இல்லை, ஆயினும் நால்வரையும் ஏற்றிக்கொண்டு மலையேறுகிறது என்று மாமா எழுதுகிறார். இது மெய்தானா, அல்லது மருமகனை மகிழ்விக்கச் சொன்ன கதையா?" என்பது மாணவரின் கேள்வி.

கடிதத்தின் பின்பகுதியே நம்மைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. மாணவரின் தந்தையார் பல ஆண்டுகளாகச் சேமித்த பணத்தைக் கொண்டு ஒரு கார் வாங்க எண்ணியிருக்கிறார். அதுவும் சிறிய டர்போ எஞ்சின் பூட்டிய கார்தான். நம் நாட்டில் எஞ்சினின் கனவளவைக் கொண்டு வரி அறவிடப்படுவதால், சிறிய எஞ்சினை நாடுவது குடும்பஸ்தர்களுக்கு இயல்பே. மாமாவின் பேச்சை நம்பித் தந்தையார் பணத்தைக் கொடுக்கலாமா என்று மாணவர் வெளிப்படையாகக் கேட்கவில்லை. எனினும் அக்கேள்வி வரிகளுக்கிடையே நிற்கிறது. ஆகவே மாமாவின் வண்டியையே எடுத்துக்கொண்டு இவ்வாரம் ஆராய்வோம்.

படத்தைக் கண்டதும் வண்டியை இனங்கண்டுகொண்டோம். அது பியட் 500 சி. தூரின் நகரத்துப் பியட் நிறுவனம் 1957ஆம் ஆண்டு யூலை 4ஆம் திகதி, தாந்தே ஜியாகோசா என்னும் பொறியியலாளர் வகுத்த 'நுவோவா 500' என்ற குட்டி வண்டியை வெளியிட்டது. இரண்டு சிலிண்டர்கள், 479 கன சென்ரிமீற்றர், 13 குதிரைவலு: இவ்வளவே அதன் செல்வம். தலைக்கு மேலே இரும்புக்குப் பதிலாகக் கன்வஸ் துணி. போருக்குப் பின் ஸ்கூட்டரிலே மனைவி மக்களை ஏற்றித் திரிந்த இத்தாலியத் தொழிலாளிக்கு அதுவே முதற் கார் ஆயிற்று. சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2007ஆம் ஆண்டின் அதே யூலை 4இல், அதன் சாயலில் புதிய 500 பிறந்தது. 2009இல் துணிக்கூரை பூண்ட 500 சி வந்தது. அடுத்த ஆண்டு, நம் மாணவரை வியக்கவைத்த 'ட்வின்எயார்' எஞ்சின் வந்து சேர்ந்தது.

அவ்வெஞ்சினின் கனவளவு 875 கன சென்ரிமீற்றர். நம் தெருக்களில் ஓடும் முச்சக்கர வண்டியின் எஞ்சின் ஏறத்தாழ 200 கன சென்ரிமீற்றர் என்பதை நினைவிற் கொண்டால், நாலரை முச்சக்கர வண்டிகளின் எஞ்சின் என்று சொல்லலாம். ஆனால் அது தருவதோ 85 குதிரைவலு. இதனினும் முக்கியமான இலக்கம் ஒன்றுண்டு. சில்லைத் திருப்பும் பலத்தை முறுக்குத்திறன் என்பர். அது இவ்வெஞ்சினில் நிமிடத்துக்கு 1900 சுற்றுக்களிலேயே 145 நியூற்றன் மீற்றரை எட்டிவிடுகிறது. அதே வண்டியில் டர்போ இல்லாத 1.2 லீற்றர் எஞ்சினும் பூட்டப்பட்டது. அது தந்தது 102 நியூற்றன் மீற்றர், அதுவும் 3000 சுற்றுக்களில். 1.4 லீற்றர் எஞ்சினும் இருந்தது; அது 131 நியூற்றன் மீற்றரைத் தர 4250 சுற்றுக்கள் சுழல வேண்டும். மூவரிலும் இளையவனே மூத்தவர்களிலும் அதிகம் தூக்குகிறான். அதையும் மூச்சு வாங்காமற் செய்கிறான்.

இது எங்ஙனம் இயலும்?

எஞ்சினின் வலிமை சிலிண்டரின் பருமனில் இல்லை. அதற்குள் எரியும் பெற்றோலில் இருக்கிறது. பெற்றோல் எரியக் காற்று வேண்டும். ஒரு கிராம் பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று. பெற்றோலை வேண்டிய அளவு ஊற்றலாம். காற்றைத்தான் சாதாரண எஞ்சின் தன் முசலம் இறங்கும்போது தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். வளிமண்டல அமுக்கம் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவே உள்ளே வரும். ஆகவே அதிக வலு வேண்டுமானால் பெரிய சிலிண்டர் வேண்டும் என்பது பழைய கணக்கு. காற்றைப் பலவந்தமாகத் திணித்தால் சிறிய சிலிண்டரும் பெரிய சிலிண்டராகும் என்பது புதிய கணக்கு.

திணிப்பதற்கு ஒரு விசிறி வேண்டும். விசிறியைச் சுழற்ற வலு வேண்டும். அதை எங்கிருந்து பெறுவது? இங்கேதான் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரெட் பூஹி என்பாரின் மதிநுட்பம் வெளிப்பட்டது. பெற்றோலிலுள்ள சக்தியிலே மூன்றிலொரு பங்களவு, புகைக்குழாய் வழியே சூடான வாயுவாக வீணே வெளியேறுகிறது. அவ்வாயுவைக் கொண்டே ஒரு சிறு சுழலியைச் சுற்றினாலென்ன? சுழலியின் அச்சின் மறுமுனையில் விசிறியைப் பொருத்தினாலென்ன? 1905ஆம் ஆண்டில் அவர் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். வீட்டை விட்டு வெளியேறும் புகையைக் கொண்டே அடுப்பை ஊதுவது போன்றது இது.

முதலிற் பயன்பெற்றவை கப்பல்களும் ஆகாய விமானங்களுமே. 1918இல் அமெரிக்கரான சான்போர்ட் மொஸ் ஒரு விமான எஞ்சினை லொறியில் ஏற்றி, ஏறத்தாழ 4,300 மீற்றர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்குக் கொண்டுசென்றார். தரையில் 350 குதிரைவலு தந்த எஞ்சின், மெல்லிய மலைக்காற்றில் சுமார் 230 ஆகத் தளர்ந்தது. டர்போவைப் பூட்டியதும் தரையில் இருந்த வலு மலையுச்சியில் மீண்டது. மூச்சுத் திணறும் எஞ்சினுக்கு மூச்சுக் கொடுக்கலாம் என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டது.

காருக்கு அது வந்து சேர்ந்தது 1962இல். வந்த வருடத்திலேயே திறந்த கூரையோடு உறவுகொண்டது என்பது இக்கட்டுரைக்குப் பொருத்தமான செய்தி. செவர்லே நிறுவனத்தின் கோர்வெயர் மொன்ஸா ஸ்பைடர் என்னும் வண்டி டர்போவுடன் 150 குதிரைவலு தந்தது. கூரை மடியும் வடிவிலும் அது விற்கப்பட்டது. அதே ஆண்டில் வந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்பயர் வேறொரு பாடத்தைக் கற்பித்தது. காற்றை அமுக்கினால் அது சூடேறும். சைக்கிள் பம்பினால் காற்றடித்த எந்தச் சிறுவனும் பம்பின் அடிப்புறம் சுடுவதை அறிவான். சூடேறிய காற்றோடு கலந்த பெற்றோல், பொறி மூட்டிய தீ பரவி முடியுமுன்னே ஒரு மூலையில் தானாகத் தீப்பற்றிக்கொள்ளும். சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி எழும். முசலம் உடைந்தும் போகும். ஜெட்பயரில் இதைத் தடுக்க நீரும் மெதனோலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து தெளித்தார்கள். தொட்டியை நிரப்ப மறந்தவர்கள் பலர். 1963க்குப் பின் அவ்வண்டி இல்லை.

நிலையான விடையைச் சுவீடன் தேசத்துச் சாப் நிறுவனம் கண்டது. எஞ்சினின் உடலிலே ஓர் உணர்கருவியை ஆணியடித்தாற்போலப் பொருத்தி, அந்தத் தட்டலைக் கேட்கச் செய்தார்கள். கேட்ட மாத்திரத்தில் டர்போவின் அமுக்கம் தானே தணியும். 1980களின் தொடக்கத்தில் வந்த இவ்வேற்பாட்டோடு, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் கருவியும் சேர்ந்தது. பனி கொட்டும் நாட்டு நிறுவனமாயிருந்தும் 1986இல் கூரை மடியும் சாப் 900 டர்போவை உற்பத்தி செய்யத் தொடங்கினார்கள். பின்புறம் பிளாஸ்டிக் அன்று, மின்சாரத்தால் சூடேறும் கண்ணாடி! இரண்டு லீற்றர் எஞ்சின்தான். ஆயினும் நால்வர் வசதியாகச் செல்லலாம். சிறிய எஞ்சினும் திறந்த கூரையும் பொருந்தும் என்பதை உலகம் பெரும்பாலும் அவ்வண்டியிடமே கற்றது.

ஏன் பொருந்த வேண்டும் என்று கேட்கலாம். காரின் கூரை வெயிலையும் மழையையும் மறைப்பதற்கு மட்டும் உள்ளதன்று. பெட்டிக்கு மூடி எப்படியோ, காருக்குக் கூரை அப்படி. மூடியைக் கழற்றிய அட்டைப் பெட்டியைக் கையில் எடுத்து முறுக்கிப் பாருங்கள், உடனே நெளியும். கூரையை அகற்றிய காரும் குழிகளில் விழும்போது அவ்வாறே நெளிய முயலும். முன்கண்ணாடிச் சட்டம் நடுங்கும். அதைத் தடுக்கத் தரையையும் ஓரங்களையும் உருக்கால் பலப்படுத்துவர்; பாரம் கூடும். பாரமான உடலுக்கு வேண்டியது உச்சச் சுழற்சியில் அலறும் எஞ்சின் அன்று. தாழ்ந்த சுழற்சியிலேயே இழுக்கும் எஞ்சின். கூரையைத் திறந்து செல்பவன் பந்தயத்துக்குப் போகிறவனுமல்லன். ஆகவே தான் டர்போவின் குணம் இவ்வகை வண்டிக்கு இசைகிறது.

பியட் 500 சியில் இந்தச் சிக்கல் பெருமளவு தவிர்க்கப்பட்டிருக்கிறது. அதன் கதவுச் சட்டங்களும் பக்கத் தூண்களும் அகற்றப்படுவதில்லை. நடுவிலுள்ள துணி மாத்திரம் மின்மோட்டாரினால் சுருண்டு பின்னே மடிகிறது. கலப்பற்ற கன்வேர்ட்டிபிள் அன்று என்று சிலர் குறைகூறுவர். வாகனத்தின் உறுதியைக் கருதுமிடத்து அக்குறையை நாம் பெரிதாகக் கொள்ளோம். துணி முழுவதும் மடிந்தபின் ஓட்டுபவருக்குப் பின்னால் வரும் வண்டி தெரியாமற் போவதே நமக்குப் பெரிய குறையாகப் படுகிறது. பாடசாலை வீதிகளில் அது சிறு விஷயம் அன்று.

சில ஆண்டுகளுக்கு முன் தூரின் நகரில் ஒரு நண்பரின் வண்டியை ஓட்டும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நகரின் கிழக்கே சுப்பெர்கா என்னும் குன்று, உச்சியில் ஒரு பெருங்கோயிலைத் தாங்கி நிற்கிறது. பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. நாங்கள் நால்வர், கூரை திறந்திருந்தது, வசந்தகாலம். நகர வீதிகளில் வண்டி மிக இலகுவாகச் சென்றது. 2000 சுற்றுக்களைத் தொட்டதும் யாரோ பின்னாலிருந்து மெல்லத் தள்ளுவது போன்ற உணர்ச்சி. மூன்றாம் கியரிலேயே முந்திச் செல்லலாம். கியர்த் தடியைத் தேட வேண்டியதில்லை. இவ்வளவும் கண்ட நாம் சற்று இறுமாப்புக் கொண்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

குன்றின் முதற் கொண்டையூசி வளைவிலே அது தீர்ந்தது. வேகத்தைக் குறைத்து வளைந்தோம், கியரை மாற்றாது மூன்றிலேயே விட்டுவிட்டோம், அக்சிலேற்றரை அழுத்தினோம். ஒன்றும் நடக்கவில்லை! எஞ்சின் 1200 சுற்றுக்களில் முனகியது; வண்டி நடுங்கியது; பின்னாலிருந்த மூதாட்டி செபமாலையைத் தேடினார். ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரம் கடந்தபின் திடீரெனப் பலம் வந்து வண்டி பாய்ந்தது. நண்பர் சிரித்துக்கொண்டே இரண்டு விரல்களைக் காட்டினார்: இரண்டாம் கியர்.

பிழை நம்முடையதே. டர்போவைச் சுற்றுவது கழிவு வாயு, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது கழிவு வாயுவும் குறைவு, சுழலி தூங்குகிறது. அந்நேரத்தில் இவ்வெஞ்சின் வெறும் 875 கன சென்ரிமீற்றர் எஞ்சினே. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. அக்சிலேற்றரை அழுத்தியபின் வாயு பெருகி, உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சக்கரம் விழித்தெழுந்து, நிமிடத்துக்கு இலட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுக்களை எட்டச் சிறிது நேரம் பிடிக்கும். இத்தாமதத்தைச் சிறிய சக்கரங்கள் இந்நாளில் வெகுவாகக் குறைத்துவிட்டன, ஒழித்துவிடவில்லை. இரண்டாம் கியரில் ஓட்டிய பின் குன்றின் எஞ்சிய வளைவுகளை வண்டி சளைக்காமல் ஏறியது. ஆகவே மாமா கூறியது மெய்யே.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்வெஞ்சினின் இரு முசலங்களும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குகின்றன. சிலிண்டர்கள் மாறி மாறி வெடிக்கின்றன. 1957இன் எஞ்சினும் அவ்வாறே. மூடிய காருக்குள் இவ்வொலி சிலருக்குத் தொல்லையாகப் படும். கூரையைத் திறந்ததும் அது வெளியே பரந்து, மரச்சாலையில் எதிரொலித்து, ஒருவகை உல்லாசமாகிவிடுகிறது. எஞ்சின் அதுவே, கேட்கும் இடம் மாறியது, அவ்வளவுதான்.

நெடுஞ்சாலையிலோ நிலைமை வேறு. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் வலு எட்டு மடங்காகும். கூரை திறந்தால் காற்று வண்டிக்குள் இறங்கிச் சுழன்று எதிர்ப்பை மேலும் கூட்டும். மணிக்கு 110 கிலோமீற்றருக்கு மேலே டர்போ ஓயாமல் உழைக்க வேண்டியிருக்கும், பேச்சுக் கேளாது, பெற்றோல் முள் இறங்கும்.

இங்கேதான் தந்தையாரின் பணப்பை சம்பந்தப்படுகிறது. 100 கிலோமீற்றருக்கு 4.1 லீற்றர் என்பது ட்வின்எயார் வண்டிக்கு ஏட்டிலே எழுதப்பட்ட கணக்கு. ஐரோப்பிய மோட்டார்ச் சஞ்சிகைகள் வீதியில் ஓட்டிப் பார்த்தபோது ஆறு லீற்றரையும் அதற்கு மேலும் கண்டன. ஏட்டுக் கணக்கில் பொய் இல்லை. சோதனைதான் மிக மென்மையானது. அந்நாளைய ஐரோப்பியச் சோதனையில், நகரப் பகுதியில், நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீற்றர் வேகத்தை எட்ட 26 செக்கன்கள் கொடுக்கப்பட்டன. மாட்டு வண்டிக்காரரும் பொறுமையிழக்கும் வேகம் அது! அவ்வளவு மெதுவாகச் சென்றால் டர்போ பெரும்பாலும் தூங்கும். சிறிய எஞ்சின் சிறிய எஞ்சினாகவே குடிக்கும். டர்போவை எழுப்பி 85 குதிரைவலுவையும் வேலை வாங்கினாலோ, 85 குதிரைகளுக்கும் தீனி போட வேண்டும். கடும் சுமையில் வெப்பத்தைத் தணிப்பதற்கென்றே தேவைக்கு மிஞ்சிய பெற்றோலை ஊற்றும் எஞ்சின்களும் உண்டு. 2017 முதல் ஐரோப்பாவில் இன்னும் கடுமையான புதிய சோதனை நடைமுறைக்கு வந்தது. அதன் கணக்கு உண்மைக்கு அண்மையானது.

பியட் வண்டியிலே 'ஈகோ' என்றொரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் முறுக்குத்திறன் 145இலிருந்து 100 நியூற்றன் மீற்றராகக் குறைக்கப்படும். சிக்கனமும் பலமும் ஒரே வேளையில் கிடையா என்று செய்தவர்களே பொத்தான் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

மாணவரின் தந்தையார் வாங்கப்போவது கூரை மூடிய காராயினும் கணக்கு ஒன்றே. கொழும்பு நெரிசலில் மெல்ல ஊர்ந்து செல்பவருக்குச் சிறிய டர்போ எஞ்சின் சிக்கனம் தரும். ஐவரையும் மூட்டைகளையும் ஏற்றி அடிக்கடி நுவரெலியா செல்பவருக்கு அது பலத்தைத் தரும், சிக்கனத்தைத் தராது. வாங்குமுன் தனியே ஓட்டிப் பார்க்காது, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் நிறுத்தி மீண்டும் கிளப்பிப் பார்க்கட்டும்.

ஏற்கெனவே ஓடிய வண்டியானால் இன்னுமொன்று. டர்போவின் அச்சு, எண்ணெயின் மெல்லிய படலத்தில் மிதந்துகொண்டே சுழல்கிறது. அடுத்திருக்கும் வாயுவின் வெப்பம் 900 பாகை செல்சியசையும் எட்டக்கூடும். எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாதவரின் வண்டியிலும், மலையேறி வந்து நின்ற கணமே எஞ்சினை அணைத்துப் பழகியவரின் வண்டியிலும், அவ்வெண்ணெய் கரியாகிப் படிந்திருக்கும். ஒரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு அணைப்பது நன்று. பழைய எண்ணெய்ப் பற்றுச்சீட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

மாமாவின் எஞ்சினுக்கு என்ன ஆயிற்று என்பதையும் மாணவர் அறிய விரும்புவார். 2011இல் அது ஆண்டின் சிறந்த எஞ்சின் என்ற சர்வதேசப் பரிசை வென்றது. 2020இல் பியட் நிறுவனம் அதே 500 வண்டியில், 999 கன சென்ரிமீற்றர் மூன்று சிலிண்டர் எஞ்சினையும் அதற்குத் துணையாக ஒரு சிறு மின்மோட்டாரையும் பூட்டியது. வலு 70 குதிரைகள். டர்போ இல்லை.

கடிதம் எழுதிய மாணவர் மாமாவிடம் ஒன்றைக் கேட்டு நமக்கு அறிவிப்பாராக: படத்திலுள்ள நால்வரோடு மலையேறியபோது, வளைவுகளில் அவர் எந்தக் கியரில் ஓட்டினார்?